சட்டைப் பை வலப்பக்கம்

ஆன்லைன் கோர்ஸை ஏன் எடுத்தீங்க என்று கேட்டுவிட்டு டாக்டர் நாகூர்கனி பெஞ்சில் அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டார், கேள்வி மட்டும் இசக்கியம்மாளின் மடியிலேயே உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. நல்ல மனுசன்தான். சமூக மருத்துவத்தில் மேல்படிப்புப் படிக்கிறவர். மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் வகுப்பை விட்டுவிட்டுச் செல்போனில் ஏன் பாடம் கேட்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சியாம். அதற்கு ஆள் பிடிக்க வேறு இடமே கிடைக்காத மாதிரி, பெண்கள் மெடிக்கல் வார்டுக்கு வெளியே பிராக்டிகல் பரீட்சைக்குக் காத்துக் கிடக்கிறவர்களிடம் வந்து நிற்கிறார். வெட்டப் போகிற ஆட்டிடம் தழை ருசியாக இருந்ததா என்று கேட்கிற கதைதான். நேரம் மிச்சமா, சௌகரியமா, பரீட்சைக்கு உதவும் என்றா, கூடப் படிக்கிறவர்கள் சொன்னார்கள் என்றா என்று போனில் விரலை வைத்துக்கொண்டு அவர் அடுக்க, இசக்கி சௌகரியம் என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். சொன்ன பிறகு வாய் கசந்தது. சௌகரியமா? விடுதி மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு கோடு சிக்னலுக்காகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதற்குப் பெயர் சௌகரியமா? அப்புறம் எதற்காகத்தான் எடுத்தாள்? இதை யோசிக்கிற நேரமா ஏட்டி இது, உள்ளே மீனலோசனி மேடம் உட்கார்ந்திருக்கிறார், போன தடவை இதே வயிற்றுப் பரிசோதனையில்தான் கோட்டை விட்டாய், இந்தத் தடவையும் விட்டால் பல்கலைக்கழகப் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள், கூடப் படித்ததெல்லாம் மேலே போக, அடிஷனல் பேட்ச் என்ற பெயரோடு நீ ஆறு மாசம் பின்னால் நிற்க வேண்டும். தெரியும். எல்லாம் தெரிந்தும் மனசு அந்தக் கேள்வியைத்தான் தடவிக்கொண்டிருக்கிறது.

முதல் காரணம் இங்கிலீஷ் என்று சொல்லியிருக்கலாம். அரசுப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்தவளுக்கு முதல் வருசம் வகுப்பில் சார் பேசின இங்கிலீஷ் காதுக்குப் பக்கத்தில் வந்து வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கேட்டதைக் கேட்டபடி தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அறைக்குப் போய் அது என்ன வார்த்தை என்று துப்புத் துலக்குவாள். புரியவில்லை சார், இன்னொரு தரம் சொல்லுங்க என்று கேட்க முடியுமா? ஒரு பையன் கேட்டான், நீ எந்த ஸ்கூல்டா என்று சார் திருப்பிக் கேட்டார், வகுப்பே சிரித்தது, அதோடு அவன் வாயும் மூடியது, அவனைப் பார்த்து மூடிக்கொண்ட வாய்கள் எத்தனையோ. மீனலோசனி மேடம் அந்த மாதிரி ஆள் இல்லை, யாரையும் எந்த ஊர் எந்தப் பள்ளி என்று கேட்க மாட்டார், ஆனால் அவருக்கு ஒரு வாசகம் உண்டு, ஒரு தரந்தான் சொல்லுவேன், காது இருந்தா கேட்டுக்கோ. அந்த ஒரு தரம் எப்போது வந்தது எப்போது போனது என்று தெரிவதற்குள் அவர் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார். போனில் பாடம் எடுக்கிற பட்நாகர் சார் அப்படி இல்லை. ஒரே வாக்கியத்தை அவரை எத்தனை தடவை சொல்ல வைத்திருக்கிறாள், இந்தா நிறுத்து, அகராதியைப் பார், இந்தா திரும்பச் சொல்லு, மனுசன் குரலில் ஒரு பொட்டுச் சலிப்பு ஏறவேண்டுமே. அவரிடந்தான் இசக்கி இங்கிலீஷே கற்றுக்கொண்டாள். சரி, இங்கிலீஷ்தான் வந்துவிட்டதே, இரண்டாம் வருசத்தில் எல்லாம் புரிய ஆரம்பித்துவிட்டதே, அப்புறம் ஏன் வகுப்புக்குத் திரும்பி வரவில்லை? அப்படியானால் அது காரணம் இல்லை. கூட்டமோ? ஒரு கட்டிலைச் சுற்றி ஒரு பட்டாளமே நிற்கும், நெட்டைப் பயல்களின் வெள்ளைக் கோட்டு முதுகைத்தான் குட்டச்சி இசக்கி பார்ப்பாள், உள்ளே நோயாளி இருக்கிறாளா போய்விட்டாளா என்பதே தெரியாது. போனில் முதுகு இல்லை. அங்கே எல்லோருக்கும் முன்வரிசைதான். ஆனால் அவளை விடக் குட்டையான ரெக்ஸலின் முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் போய் நிற்கத்தானே செய்கிறாள், இசக்கிக்கு மட்டும் முழங்கை இல்லையா? அதுவும் இல்லை. அந்தக் காரணம், இந்தக் காரணம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கீழே வைக்க வைக்க, அவளுக்குப் பயம் போய் ஒரு வேடிக்கை வந்துவிட்டது. தன்னைப் பற்றித் தனக்கே தெரியாத ஒன்று இருக்கிறதென்றால் சும்மா இருக்க முடியுமா.

பெஞ்சின் இரும்பு தொடையில் குளிர்கிறது. உள்ளேயிருந்து டெட்டால் வாடையும் யாரோ உரித்த ஆரஞ்சின் வாசமும் கலந்து வருகின்றன. இசக்கி கையைப் பார்த்துக்கொண்டாள், இடது கையை. முன்னால் போகாததற்குக் காரணம் முழங்கை இல்லை, இந்தக் கை. ஊரில் இதற்குப் பெயர் பீச்சாங்கை. பந்தியில் இந்தக் கை சோற்றுக்குப் போனால் அம்மா அகப்பைக் காம்பால் ஒன்று போடுவாள். கோயிலில் திருநீற்றுக்கு இந்தக் கை நீண்டால் பூசாரி தட்டை இழுத்துக்கொள்வார். கடைக்காரரிடம் காசை இந்தக் கையால் கொடுத்தால், மகாலட்சுமியை எந்தக் கையாலம்மா கொடுக்கே என்பார். சாப்பாட்டுக்கும் சாமிக்கும் வலது கையைப் பழக்கியாகிவிட்டது, எழுதுவதற்கு மட்டும் கணக்கு டீச்சர் போனால் போகிறது என்று விட்டுவிட்டார். ஆனால் தெரிந்துகொள்கிற கை இதுதான். இருட்டில் ஸ்விட்ச் எங்கே என்று இதற்குத்தான் தெரியும், மாம்பழம் பழுத்திருக்கிறதா என்று இதற்குத்தான் தெரியும். வார்டில் முதல் முதலாக ஒரு வயிற்றைத் தொடச் சொன்ன அன்று இதுதான் முந்திக்கொண்டு போனது. ஒரு துணைப் பேராசிரியர், பெயர் எதற்கு, அந்தக் கையை எடு என்றார், நோயாளியைப் பீச்சாங்கையாலயா தொடுவ, வலப்பக்கம் நில்லு, வலது கையால தொடு, இது உங்க வீடு இல்ல என்றார். கட்டிலில் கிடந்த நோயாளிகூடச் சிரித்தாள். சிரித்ததில் தப்பில்லை, நோயிலும் மனுசிக்கு ஒரு சிரிப்பு வேண்டாமா. ஆனால் இசக்கி அன்று பின்வரிசைக்குப் போனவள்தான். நோயாளிக்கு வலப்பக்கம் நிற்பது மருத்துவத்தில் பாட்டன் முப்பாட்டன் காலத்துச் சட்டம், எந்த நாட்டுக்குப் போனாலும் அப்படித்தானாம். இடக்கைக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று புத்தகத்தில் தேடிப் பார்த்தாள், அந்த ஜாதியே பிறக்காத மாதிரிப் புத்தகம் கம்மென்று இருந்தது. போன பரீட்சையில் வலது கையை வைத்தாள். அது மரக்கட்டை மாதிரி வயிற்றின் மேல் கிடந்தது, என்ன தெரியுது என்று மேடம் கேட்டார், ஒன்றும் தெரியவில்லை என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பட்நாகர் சாரின் அந்த வீடியோ வந்தது. சீனியர் அண்ணன்மார் நடத்துகிற குரூப்பில் எல்லாம் சும்மா கிடைக்கும், கட்டணம் கட்டிப் பார்க்க யாரால் முடிகிறது. மற்ற பாடங்களில் சாரின் குரல் மட்டும் வரும், படத்தில் எழுத்து ஓடும். இந்த ஒன்றில்தான் ஆள் வந்தார், கட்டிலுக்குப் பக்கத்தில், சொட்டைத் தலையும் கோடு போட்ட சட்டையுமாக. ஒரு எழுத்துக் கிடையாது, நோயாளியின் பக்கத்தில் எப்படிப் போவது, எப்படி வணக்கம் சொல்வது, உள்ளங்கையை எப்படி உரசிச் சூடேற்றுவது, வயிறு முழுக்க எப்படி மெல்லத் தொட்டுப் போவது, அவ்வளவுதான் பாடம். அவர் நோயாளிக்கு இடப்பக்கம் நின்றார். இடது கையை நீட்டினார். மொட்டைமாடியில் இசக்கி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவருடைய வாட்ச்சைப் பார்த்தாள், வலது மணிக்கட்டில். அட, நம்ம ஆளு! எவ்வளவு பெரிய டாக்டர், தேசம் முழுக்கப் பிள்ளைகள் கும்பிடுகிற டாக்டர், அவருக்கும் இதே கை. அன்றிலிருந்து அந்த ஒரு வீடியோவை அவள் எத்தனை தடவை பார்த்தாள் என்று அந்தத் தண்ணீர்த் தொட்டியைத்தான் கேட்கவேண்டும். ஊருக்குப் போனபோது அம்மாவைப் பாயில் படுக்கவைத்து, உள்ளங்கையை உரசி, இடப்பக்கம் உட்கார்ந்து தொட்டாள். என்னட்டி இந்தக் கையால தொடுத என்று அம்மா முகம் சுளித்தாள். பெரிய டாக்டரே இந்தக் கையாலதாம்மா பாக்காரு என்றாள் இசக்கி. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, சூடா நல்லாத்தான் இருக்கு என்றாள். மறுநாள் தெரு முழுக்க அந்தச் செய்தி போய்விட்டது, எம்மவளுக்குப் பெரிய டாக்டருக்கு உள்ள கை என்று. அகப்பைக் காம்பால் அடித்த அதே அம்மா. அப்படியானால் நாகூர்கனி சாருக்குச் சொல்லவேண்டிய பதில் இதுதானே! சௌகரியமும் இல்லை, இங்கிலீஷும் இல்லை, அவருக்கு என் கை இருந்தது, அதனால் அங்கேயே நின்றுவிட்டேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோசத்தில் இசக்கி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது, அதுவும் இன்று நேற்று உறுத்துவது இல்லை. அவருடைய சட்டைப் பை. எல்லோருக்கும் சட்டைப் பை இடப்பக்கம் இருக்கும், அவருக்கு வலப்பக்கம் இருந்தது. இடக்கையால் பேனா எடுக்கத் தோதாகச் சொல்லித் தைத்திருப்பாரோ? வடக்கே அப்படித் தைப்பார்களோ? அப்படி ஒரு தையல்காரர் இருந்தால் தனக்கும் ஒரு கோட்டுத் தைக்கச் சொல்லலாமே என்றுகூட ஒரு நாள் ஆசைப்பட்டிருக்கிறாள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அவள் பாட்டுக்கு இருந்திருக்கலாம். பக்கத்தில் ரெக்ஸலின் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். இசக்கி அவள் தோளைத் தட்டி, பட்நாகர் சாருக்கு ஏன் சட்டைப் பை வலப்பக்கம் இருக்கு என்று கேட்டுவிட்டாள். ரெக்ஸலினுக்குத் துபாயில் இருக்கிற அண்ணன் காசு கட்டி ஒரிஜினல் கோர்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அவள் ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு இசக்கியை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கிறுக்கி, நீ பாக்கது குரூப்ல வந்த காப்பி. கம்பெனிக்காரன் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு எழுத்து இல்லாத வீடியோவ எல்லாம் இடம் வலமாத் திருப்பிப் போடுவானுவ. ஒரிஜினல்ல பை இடப்பக்கந்தான் இருக்கு. அவரு வலக்கையாலதான் தொடுதாரு.”

எல்லாருக்கும் தெரியுமேட்டி என்று சொல்லிவிட்டு ரெக்ஸலின் விட்ட இடத்திலிருந்து ஜெபத்தை எடுத்துக்கொண்டாள். இசக்கிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒன்றுமில்லாததற்குச் சட்டை தைத்துப் போட்டு வைத்திருந்தோமே என்று ஒரு சிரிப்பு. பிறகுதான் யோசித்தாள். எல்லோருக்கும் தெரியும் என்றால், எல்லோரும் பார்த்த உடனே மனசுக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள், அவள் ஒருத்திதான் அப்படியே எடுத்துக்கொண்டாள். அப்படியானால் அந்த இடக்கை டாக்டர் யார்? உரசிச் சூடேற்றிய அந்தக் கை யாருடையது? அப்படி ஒருவர் இந்த உலகத்தில் எங்கேயும் நோயாளி பார்க்கவில்லை, எந்த வார்டிலும் நடக்கவில்லை, ஆனால் அவர்தான் அவளுக்குப் பாடம் எடுத்தார். இல்லாத ஆளிடம் படித்தது இருக்கிற வயிற்றில் பலிக்குமா? கண்ணாடிக்குள் இருக்கிற சாமிக்கு இத்தனை நாள் கும்பிடு போட்டிருக்கிறோமே. அம்மாவுக்கு என்ன சொல்வது, தெருவுக்கு என்ன சொல்வது, அந்த டாக்டருக்கும் உங்களுக்கு உள்ள வலக்கைதாம்மா, என் கை என் கை மாத்திரந்தான் என்றா? இப்போது உள்ளே போய் எந்தப் பக்கம் நிற்பது? வலப்பக்கம் நின்றால் சட்டம் சந்தோசப்படும், கை மரக்கட்டையாகிவிடும். இடப்பக்கம் நின்றால் கைக்குத் தெரியும், ஆனால் எந்தத் தைரியத்தில் நிற்பது, நேற்றுவரை பின்னால் ஒரு பெரிய டாக்டர் இருந்தார், இன்று யார் இருக்கிறார்கள்? நினைத்து முடிப்பதற்குள் சிஸ்டர் கதவைத் திறந்து, இசக்கியம்மாள் என்றார்.

கட்டிலில் செல்லக்கனி என்கிற அம்மா படுத்திருந்தாள். காலையிலிருந்து வயிற்றைக் காட்டிக் காட்டி அலுத்துப்போன முகம். வலப்பக்கம் நாற்காலியில் மீனலோசனி மேடம். வயிற்றைப் பார், என்ன தெரிகிறதோ சொல் என்றார், அவ்வளவுதான். இசக்கி பேசாமல் போய் வலப்பக்கமே நின்றாள், வணக்கம் சொன்னாள், எங்கே வலி என்று கேட்டாள், வலது கையை வயிற்றின் மேல் வைத்தாள். துணி தெரிந்தது, தோல் தெரிந்தது, மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது, அதற்குக் கீழே ஒரு ஊரே இருந்தாலும் இந்தக் கை சொல்லப்போவதில்லை. அடிஷனல், அடிஷனல் என்று காதுக்குள் ஒரு சத்தம். மேடம் வாட்ச்சைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டாள். எடுத்த கை என்ன செய்யப் போகிறதென்று பார்க்க அவளுக்கே ஆவலாக இருந்தது. கால்கள் கட்டிலின் கடைக்குப் போய் அந்தப் பக்கம் திரும்பின. அங்கே சின்ன இரும்பு அலமாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது, மேலே ஃபிளாஸ்க்கும் உரித்த ஆரஞ்சும். அதை இழுத்து நகர்த்தும்போது வார்டு முழுக்கக் கிறீச்சென்று கேட்டது.

எங்கே போகிறாய் என்று கேட்டார் மேடம். எனக்கு இடக்கை மேடம், இங்கேயிருந்துதான் சரியாக வரும் என்றாள் இசக்கி. சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். மேடம் கோபப்படவில்லை, நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

“அப்படி நிக்கச் சொல்லி யார் சொல்லிக் கொடுத்தது?”

பட்நாகர் சார் என்று நேற்றாக இருந்தால் சொல்லியிருப்பாள். நாக்கு நுனிவரை வந்த பெயரைப் பார்த்தாள், அதற்குள் யாரும் இல்லை.

“யாரும் இல்ல மேடம்.”

செய் என்றார். இசக்கி உள்ளங்கைகளை உரசினாள். செல்லக்கனியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வலி இல்லாத மூலையில் இடது கையை வைத்தாள். கை விழித்துக்கொண்டது. இங்கே இளக்கம், இங்கே கொஞ்சம் இறுக்கம், இங்கே செல்லக்கனியின் புருவம் சுருங்குகிறது. இடது விலா எலும்பின் கீழே விரல்களை மடக்கி வைத்து, மூச்சை நல்லா இழுங்கம்மா என்றாள். இழுத்தாள். உள்ளேயிருந்து ஒன்று இறங்கி வந்து விரல்நுனியை மெதுவாக முட்டிவிட்டுத் திரும்பிப் போனது. இன்னொரு மூச்சு, இன்னொரு முட்டல். மண்ணீரல். எத்தனை வீடியோவிலும் அது முட்டவில்லை, ஊரில் அம்மாவின் வயிற்றிலும் முட்டவில்லை, இப்போதுதான் முதல் தடவை. வீங்கியிருக்கிறது மேடம், விளிம்பு இங்கே, அமுக்கினால் வலிக்கிறது, கெட்டியாக இருக்கிறது என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, மேடம் நடுவில் நுழைந்து, அந்தப் பக்கமிருந்து ஈரலுக்குக் கை எட்டுமா என்று கேட்டார். எட்டிக் காட்டினாள். ஈரல் சரியாக இருக்கிறது என்றாள்.

மேடம் எழுந்தார். சத்தியமாக இசக்கி அதை எதிர்பார்க்கவில்லை. அவர் கட்டிலைச் சுற்றி வந்து, நகரு என்று சொல்லி, அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் அவள் நின்ற இடத்தில் நின்றார். வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரே பக்கம் நின்ற மனுசி, இந்தப் பக்கமிருந்து வார்டு எப்படி இருக்கும் என்று பார்க்கிற மாதிரி ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டார். இடது கையை வைத்தார். செல்லக்கனி உடம்பைக் குறுக்கிக்கொண்டாள், சில்லுனு இருக்கும்மா என்றாள். மேடத்தின் விரல்கள் விலா எலும்பின் கீழே தடுமாறின, வழி தெரியாமல் நின்றன. அந்தக் கை இப்போது எப்படி இருக்கும் என்று இந்த வார்டில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் இசக்கிக்குத் தெரியும். மேடம் கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

“எனக்கு அகப்படலையே. இன்னொரு தரம் காட்டு.”

காட்டினாள். விரலை எங்கே மடக்கினாய், திரும்பக் காட்டு என்றார். திரும்பவும் காட்டினாள். நிறுத்து என்றார், நிறுத்தினாள். முதலிலிருந்து என்றார், உள்ளங்கையை உரசுவதிலிருந்து ஆரம்பித்தாள். சலிப்பு ஒரு பொட்டு ஏறவேண்டுமே. மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ மேடத்தின் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம், ஆங், வந்துட்டு என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. பிறகு உடனே முகத்தைப் பழையபடி ஆக்கிக்கொண்டு, தேறிட்ட, போ என்றார், நாளைக்குக் காலையில வார்டுக்கு வா, அந்த அலமாரியை நகர்த்தி வைக்கச் சொல்லுதேன்.

வெளியே வெயில் பெஞ்சுவரை வந்திருந்தது. ரெக்ஸலின் எந்தப் பக்கம் நின்ன, எந்தப் பக்கம் நின்ன என்று சைகையிலேயே கேட்டாள். உனக்கு எது தோதோ அங்கே நில்லு என்று இசக்கியும் சைகையில் சொன்னாள். டாக்டர் நாகூர்கனி பெஞ்சின் அந்தக் கோடிவரை போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார், ஆளுக்கொரு சௌகரியத்தை வாங்கிக்கொண்டு. இசக்கி அவர் முன்னால் போய் நின்று, என் பதிலை மாற்ற முடியுமா டாக்டர் என்றாள். மாற்றலாமே என்று அவர் ஆவலாகப் போனை எடுத்தார். வேறு என்ன காரணம், சொல்லுங்கம்மா என்றார்.

“பாடம் எடுத்த சார் இடக்கைக்காரர்னு நெனச்சேன்.”

அவர் தட்டச்சு செய்யப் போன விரலை நிறுத்தினார். அடுக்கி வைத்திருந்த பதில்கள் எதிலும் அது அடங்கவில்லை. ஆராய்ச்சிக்காரர் அல்லவா, விடுவாரா.

“இல்லையா?”

“இல்ல டாக்டர். நான்தான்.”